தாம்பாளம் அளவு வெளிச்சம்

பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அவரிடம் தானே தலை திருப்பும் ஷார்ப்பி லைட் ஒன்றுகூட இல்லை. அந்தக் குறையோடுதான் அவர் அத்தனை நாடகங்களை எழுதி, நடித்து, நடத்தி, கடைசியில் தமிழ் நாடகத் தந்தை என்றும் பெயர் வாங்கினார். நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. 2021 நவம்பரில் பம்மல், தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. ஆக, அவருடைய ஊர்க்காரர்கள் என்று சொல்லிக்கொள்ள இப்போது எங்களுக்குச் சட்டப்படியே உரிமை உண்டு. அந்த உரிமையில், அவர் விட்ட குறையைத் தீர்த்துவைத்த எங்கள் வட்டாரத்து அரங்கம் ஒன்றின் நிர்வாகக் குழுவை நாலு வார்த்தை புகழாமல் இருந்தால் எனக்குச் சோறு செரிக்காது.

அரங்கத்தின் பெயர் வேண்டாம். ஜி.எஸ்.டி. சாலைக்கும் வேளச்சேரி சாலைக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழுவினர் விளம்பரம் பிடிக்காதவர்கள். வாசல், முன்கூடம், மேடையின் இரு பக்கம், தண்ணீர்த் தொட்டி என்று ஐந்தே இடங்களில்தான் தங்கள் பெயரைப் பொறித்திருக்கிறார்கள்.

முன்பு அந்த மேடையில் எட்டு ஃபோகஸ் லைட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஆயிரம் வாட் ஹேலஜன். கறுப்புத் தகரப் பெட்டி, முன்னால் கண்ணாடி, கண்ணாடிக்கு முன்னால் செருகும் ஜெலட்டின் தாள். காலையில் ஏணி போட்டு ஏறி எந்தப் பக்கம் திருப்பி வைத்தோமோ, இரவு திரை விழும்வரை அதே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். டிம்மர் பலகையில் வயதான லைட்மேன் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மேடையில் தாய் கண்மூடும் காட்சியில் பத்து விநாடி எடுத்துக்கொண்டு விரலால் வெளிச்சத்தை இறக்குவார். எப்போது இருட்டியது என்று முதல் வரிசையில் இருப்பவருக்கும் தெரியாது. இருட்டிய பிறகு மூக்குறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்கும். இவ்வளவு பிற்போக்கான நிலைமையில் நாங்கள் பல வருடம் நாடகம் போட்டோம்.

கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. கரண்ட் என்றால் எதையாவது நகர்த்த வேண்டும் என்று இந்த ஊர் அப்போதே தெரிந்துகொண்டது. அதற்குப் பிறகு தொண்ணூறு வருடம் ஆகியும் எங்கள் மேடையில் விளக்கு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது குழுவினரின் மனசாட்சியை உறுத்தியிருக்க வேண்டும். எட்டு லைட்டும் ஒரு சனிக்கிழமை காயலான் கடைக்குப் போயின. எட்டும் என்றா சொன்னேன்? ஆறு. மற்ற இரண்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

புது லைட் வாங்கப் போனபோது நாடகக்காரன் ஒருவனும் உடன் இருக்கட்டும் என்று என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள். அந்தப் பெருந்தன்மையை மறக்க முடியாது. கடைசி சீட்தான், ஆனால் ஜன்னலோரம்.

ஷோரூமில் ஓர் இருட்டு அறை. புகை போட்டு நிரப்பியிருந்தார்கள். பாட்டு ஒன்றை வைத்ததும் பன்னிரண்டு விளக்குகளும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிச் சுழன்றன. புகைக்குள் வெள்ளைக் கம்பிகளாக ஒளி குறுக்கும் நெடுக்கும் பாய்ந்தது. பொருளாளர் கையைக் கூப்பிவிட்டார். வைகுண்ட ஏகாதசிக்குக்கூட அவர் அப்படிக் கூப்பி நான் பார்த்ததில்லை. "யாராவது ஒருத்தரை அந்த வெளிச்சத்துல நிக்க வச்சுப் பாக்கலாமா சார்?" என்று கேட்டேன். செயலாளர் என் தோளில் கை வைத்து, சின்னப் பையனுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "நாம லைட்டைப் பாக்க வந்திருக்கோம் சார், ஆளைப் பாக்க வரலை."

அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கும் தெளிவு எனக்கு இத்தனை வருட மேடை அனுபவத்தில் வரவில்லை. வெளிச்சம் என்பது ஆளைப் பார்ப்பதற்கு என்று மூடத்தனமாக நினைத்துக்கொண்டிருந்துவிட்டேன்.

எத்தனை வாங்குவது என்பதில் விவாதமே நடக்கவில்லை. குழுவில் பன்னிரண்டு பேர், ஆகவே பன்னிரண்டு. அரங்கத்தின் அகலம், மேடையின் ஆழம், உத்தரத்தின் உயரம் இவற்றையெல்லாம் டேப் பிடித்து அளந்து எண்ணிக்கையை முடிவு செய்யும் ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லை. ஒவ்வொரு விளக்கின் தலையிலும் ஒரு குடும்பத்தின் 'உபயம்' ஒட்டப்பட்டது. கோயில் குழல்விளக்கில் உபயதாரர் பெயர் பாவம், ஒரே இடத்தில் நிற்கும். மூவிங் லைட்டின் தலை இடவலமாக 540 டிகிரி திரும்பும். அதாவது பெயர் ஒன்றரைச் சுற்று சுற்றி ஊருக்கே முகம் காட்டிவிட்டு வரும். இப்படி ஒரு வசதி இருப்பது அதைத் தயாரித்தவர்களுக்கே தெரிந்திருக்காது.

இன்னொரு தற்செயலும் குழுவின் தீர்க்கதரிசனத்துக்குச் சான்று. விளக்கை ஆட்டுவிக்கும் டிஎம்எக்ஸ் என்ற மொழி 1986-இல் அமெரிக்க அரங்கத் தொழில்நுட்பக்காரர்கள் வகுத்தது. ஒரு கம்பியில் 512 சேனல். மலிவான போர்டில் 192-தான் வரும். பன்னிரண்டு விளக்கு, விளக்குக்குப் பதினாறு சேனல். பன்னிரண்டு பதினாறு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. குழுவின் பலமும் போர்டின் பலமும் இப்படிக் கச்சிதமாகப் பொருந்தியதால், நாளைக்கு யாராவது முகத்துக்கு இரண்டு லைட் சேர்க்கலாம் என்று ஆரம்பித்தால் போர்டில் இடமே இல்லை. வம்பு முளையிலேயே கிள்ளப்பட்டது.

ஷார்ப்பியைப் பற்றியும் நியாயமாக இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இத்தாலியின் கிளே பாக்கி கம்பெனி 2010-இல் கொண்டுவந்த சரக்கு அது. வெறும் 189 வாட் பல்பை வைத்துக்கொண்டு வானத்தைக் குத்தும் அளவுக்கு ஒளிக்கற்றையை மெலிதாக்கிக் காட்டினார்கள். பிறகு சீனத்தில் அதைப்போல ஆயிரம் வந்தன. நம் ஊரில் பிளேடு வேறெந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஒரே பெயர் சொல்வதுபோல, கற்றையாக அடிக்கும் லைட் எல்லாமே இன்று ஷார்ப்பிதான். தானே திரும்பும் விளக்கு என்ற யோசனையும் நேற்று வந்ததல்ல. 1981-இல் டல்லாஸ்காரர்கள் செய்த வேரி-லைட் விளக்குகளை ஜெனசிஸ் என்ற ராக் குழு முதன்முதலில் மேடையேற்றியது. பல்லாயிரம் பேர் கூடும் மைதானம், ஆளுயர ஸ்பீக்கர், ஆட்டம், பாட்டம். அங்கே அது வேண்டியிருந்தது. எங்கள் குழுவினர் அந்தத் தேவையை எங்கள் சபா நாடகத்திலும் கண்டுகொண்டார்கள். சபா நாடகத்தில் ஒரு சோஃபா இருக்கும். பக்கத்தில் ஒரு டெலிபோன் ஸ்டாண்டு. கதாநாயகனின் அப்பா அந்தச் சோஃபாவில் உட்கார்ந்தால் இடைவேளைக்குத்தான் எழுந்திருப்பார். சோஃபா நகர்ந்ததாகத் தமிழ் நாடக வரலாற்றில் குறிப்பில்லை. ஒன்றுமே அசையாத இடத்தில் விளக்காவது அசையட்டுமே என்ற கருணை இது.

சரி, அந்தக் கற்றை எவ்வளவு அகலம்? ஷார்ப்பி மிஞ்சிப் போனால் 3.8 டிகிரி விரியும். எங்கள் மேடையில் ஆறு மீட்டர் உயரத்து ட்ரஸ்ஸிலிருந்து விழுந்தால் கீழே நாற்பது சென்டிமீட்டர் வட்டம் கிடைக்கும். கல்யாணத்தில் சீர் வைக்கும் தாம்பாளம் அளவு. தாம்பரத்துக்குத் தாம்பாளம் பொருத்தம்தானே.

அதன் நன்மைகளை முதல் நாடகத்தன்றே அனுபவித்தோம். கதாநாயகி அந்தத் தாம்பாளத்துக்குள் தலையை வைத்தால் கை வெளியே போய்விடும். கையை உள்ளே கொண்டுவந்தால் முகம் இருட்டுக்குப் போய்விடும். எது முக்கியம் என்று ஒவ்வொரு வசனத்துக்கும் முன் அவள் யோசிக்க வேண்டியிருந்ததால் நடிப்பில் நல்ல நிதானம் வந்தது. விளக்கு நேர் உச்சியில் தொங்குவதால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழி, மூக்குக்குக் கீழே கறுப்பு மீசை. ஐம்பத்தைந்து வயதுக்காரர் கல்லூரி மாணவனாக நடிக்கும் எங்களைப் போன்ற குழுவுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் என்ன? யார் நடிக்கிறார்கள் என்றே தெரியாதபோது வயது எங்கிருந்து தெரியும்.

யேலில் ஸ்டான்லி மெக்கேண்டில்ஸ் என்று ஒருவர் 1932-இல் புத்தகம் போட்டார். நடிகரின் முகத்துக்கு முன்னாலிருந்து இரண்டு விளக்கு வேண்டும், இடமும் வலமுமாக, நாற்பத்தைந்து டிகிரி சாய்வில், ஒன்று சற்று வெதுவெதுப்பாக, மற்றது சற்றுக் குளிர்ச்சியாக என்று எழுதிவைத்தார். அதற்கு மேடைக்கு முன்னால், பார்வையாளர் தலைக்கு மேலே ஒரு கம்பி கட்ட வேண்டும். எங்கள் அரங்கத்தில் அந்த இடத்தில் சரவிளக்கு இருக்கிறது. சரவிளக்கா மெக்கேண்டில்ஸா என்று வந்தபோது குழுவினர் ஒரு கணமும் தடுமாறவில்லை.

நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹேலஜனின் நிறவெப்பம் 3200 கெல்வின், மாலை வெயில் மாதிரி மஞ்சள் கலந்தது. ஷார்ப்பியின் ஆர்க் பல்பு சுமார் 8000. சிவப்பு அதில் குறைச்சல். அரக்குப் பட்டுப்புடவையைக் காட்டினால் காப்பிக்கொட்டை நிறத்தில் தெரியும். பேன்கேக் போட்ட முகத்தைக் காட்டினால் இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் இருந்தது போலத் தெரியும். மூன்றாவது காட்சியில் இறக்க வேண்டிய தாய் முதல் காட்சியிலேயே அந்த நிலையில் தெரிந்ததால் பார்வையாளர்கள் மனத்தளவில் தயாராகிவிட்டார்கள்.

விளக்குக்குள் விசிறி ஓடும். பன்னிரண்டு விசிறி. விமானப் படைத் தளத்தையும் மீனம்பாக்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு இது சத்தமே இல்லை என்று பொருளாளர் சொன்னார். அது உண்மைதான், விமானம் போய்விடும், விசிறிதான் போகாது.

மிச்சம் பிடிக்கும் கணக்கு தனி. ஆயிரம் வாட்டுக்குப் பதில் இருநூறு சொச்சம் வாட், கரண்ட் பில் மிச்சம் என்றார்கள். ஆர்க் பல்பை டிம்மரில் குறைக்க முடியாது. உள்ளே ஒரு தகடு வந்து மறைக்கும், அவ்வளவுதான். பல்பு தகட்டுக்குப் பின்னால் முழு வேகத்தில் எரிந்துகொண்டே இருக்கும். அணைத்தால் சூடு ஆறின பிறகுதான் மறுபடி பற்றும் என்பதால் மாலை ஆறு மணிக்குப் போட்டதை இரவு ஒன்பதரைக்குத்தான் நிறுத்துவார்கள். ஒரு பொட்டு வெளிச்சமும் வெளியே வராமல் மூன்றரை மணி நேரம் பன்னிரண்டு பல்பு எரியவைத்து மிச்சம் பிடிக்கும் கலையைப் பொருளாதாரம் படித்தவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

பழைய லைட்மேன் ஓய்வு பெற்றுவிட்டார், அதாவது பெறவைக்கப்பட்டுவிட்டார். புதிதாக ஒரு பையன். கெட்டிக்காரன், பணிவானவன், கல்யாண ரிசப்ஷனில் தேறியவன். நாடகம் என்ற ஒன்றை அவன் அன்றுதான் பார்க்கிறான். "அண்ணே, காட்சிக் காட்சியா நான் எதுக்குப் போடணும்? சவுண்டு மோடுல விட்டிருக்கேன். அதுவே பாத்துக்கும்" என்றான்.

பார்த்துக்கொண்டது. இந்த விளக்குகளுக்குள் ஒரு சின்ன மைக் உண்டு. சத்தம் கேட்டால் ஆடும், சத்தம் நின்றால் நிற்கும். மூன்றாவது காட்சி. தாய் கண்மூடுகிறாள். மகன் ஒரு நொடி உறைந்து நிற்கிறான். விளக்குகளும் மரியாதையாக நின்றன. பிறகு அவன் "அம்மா!" என்று அலறினான். பன்னிரண்டு ஷார்ப்பியும் ஒரே துள்ளில் எழுந்து சிவப்பு, பச்சை, ஊதா என்று கூடம் முழுக்கச் சுழன்றன. அவன் மார்பில் அடித்துக்கொண்டு அழ அழ விளக்குகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பிணம் ஒரு கண்ணைத் திறந்து மேலே பார்த்ததை நானே பார்த்தேன். பின்வரிசையில் ஒரு குழந்தை எழுந்து ஆட ஆரம்பித்தது. துக்கத்தோடு இந்த அளவுக்கு ஒன்றிப்போகும் விளக்கை வேறெந்த ஊர் மேடையில் காண முடியும்?

கல்கத்தாவில் தபஸ் சென் என்று ஒரு விளக்குக்காரர் இருந்தார். உத்பல் தத் 1959-இல் போட்ட 'அங்கார்' நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறி ஆட்கள் மூழ்கும் காட்சியை வெறும் வெளிச்சத்தாலேயே செய்தார். மேடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதே வருடம் 'சேது' நாடகத்தில் ரயிலை வரவழைத்ததும் அவர்தான். அவர் கையில் இருந்தவை எங்கள் காயலான் கடைக்காரர் எடை போட்ட வகைச் சாமான்கள். மூவிங் லைட் வாங்கப் பணமில்லாதவர்கள் யோசித்துத்தான் ஆக வேண்டும், என்ன செய்வது. எங்கள் தெருக்கூத்துக்காரர்கள் இன்னும் மோசம். தீவட்டி, பெட்ரோமாக்ஸ் எதுவாக இருந்தாலும் விளக்கு ஓரிடத்தில் இருக்கும். வேஷம் கட்டியவன்தான் அதை நோக்கி ஆடிக்கொண்டு வருவான், முகத்தைக் காட்டுவான், பின்வாங்கி இருட்டுக்குள் போவான். ஆளுக்குக் கால் இருக்கிறது, விளக்குக்குக் கழுத்து எதற்கு என்று நினைத்துவிட்டார்கள்.

அறியாமை இன்னும் ஒழிந்தபாடில்லை. நாடகத்துக்கென்று மூவிங் லைட் வாங்கும் சிலர் இன்று எப்படி வாங்குகிறார்கள் தெரியுமா? கடையில் பார்க்காமல் தங்கள் மேடையில் ஒரு நாள் தொங்கவிட்டுக் காட்டச் சொல்வார்கள். நடிகை ஒருத்தியைப் புடவையோடு நிறுத்தித் தோல் நிறம் சரியாக வருகிறதா என்று பார்ப்பார்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து விசிறிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டுவார்கள். நூற்றில் ஒரு பங்கு வெளிச்சத்தில் துடிக்காமல் நிற்கிறதா என்று ஐந்து நிமிடம் முறைத்துப் பார்ப்பார்கள். ஒளியை நாலு பக்கமும் தகடு வைத்து வெட்டி, சோஃபாவுக்கு மட்டும் விழும்படி செய்ய முடிகிற எல்இடி ப்ரொஃபைல் இரண்டோ மூன்றோதான் வாங்குவார்கள். மிச்சப் பணத்தில் அசையாத லைட்டையே வாங்கி முகத்துக்குப் போட்டுவிடுவார்கள். இத்தனையும் செய்து, கடைசியில் நாடகம் பார்த்தவர்கள் லைட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போவார்கள். எங்கள் அரங்கத்தில் அப்படி இல்லை. வெளியே வந்த அத்தனை பேரும் லைட்டைப் பற்றித்தான் பேசினார்கள்.

இங்கே ஓர் உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். வருடத்தில் எங்கள் நாடகம் பத்து நாள் நடந்தால் அதிகம். முகூர்த்தம்தான் அந்தக் கட்டடத்துக்குச் சோறு போடுகிறது. மணமக்கள் புகைக்குள்ளிருந்து நடந்து வர, இரு பக்கமும் ஷார்ப்பி வாள் பிடித்து நிற்பது அழகாகத்தான் இருக்கிறது. என் அண்ணன் மகள் கல்யாணத்தில் நானே விசிலடித்தேன். கல்யாணத்துக்கு வாங்கினோம் என்று சொல்லிவிட்டால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. ஆனால் அவ்வளவு செலவையும் 'நாடகக் கலை வளர்ச்சி' என்ற தலைப்பில் ஆண்டறிக்கையில் எழுதினார்களே, அந்தக் கலைப்பற்றுதான் என்னை உருக்குகிறது. விசேஷம் இல்லாத நாளில் விளக்குகளுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டி, மாலையும் போட்டு வைக்கிறார்கள். இது தொண்டை நாடு. ஆயுதங்களைச் சிங்காரித்துக் காவலில் வைப்பதை ஔவையே நேரில் வந்து பாராட்டிவிட்டுப் போன மண்.

எங்கள் அடுத்த நாடகத்துக்கு முன் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். "சார், இந்தத் தடவை மூவிங் லைட் வேண்டாம். நாங்களே ரெண்டு ஹேலஜன் ஸ்டாண்டு கொண்டுவந்து வச்சுக்கறோம்" என்றேன். கோபப்படுவார் என்று பயந்தேன். தவறாக எடைபோட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டே சம்மதித்து ரசீது போட்டுக் கொடுத்தார். அரங்க வாடகை ஒன்று. வெளி லைட் கொண்டுவரக் கட்டணம் ஒன்று. மூன்றாவது வரியில், 'மூவிங் லைட் அணைத்து வைக்க ஆபரேட்டர் பேட்டா'. போர்டின் பாஸ்வேர்டு அந்தப் பையனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் வந்து உட்காராவிட்டால் அவை தாமாக ஆடிவிடும் அபாயம் உண்டு என்று விளக்கினார். பையன் வந்தான். மூன்று மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நாடகத்தைப் பார்த்தான். தாய் கண்மூடும் காட்சியில் அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான், பாவம்.

நாடகம் முடிந்து குழுப்படம் எடுக்க வேண்டும். எங்கள் ஸ்டாண்டு லைட்டுகளை வாடகைக்காரர் அதற்குள் அவிழ்த்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார். மேடையில் ட்யூப்லைட். செல்போனில் எடுத்துப் பார்த்தால் எல்லோரும் பேயடித்தது போல இருந்தோம். அப்போதுதான் முன்கூடத்தில் அந்தப் பழைய ஃபோகஸ் லைட் இரண்டையும் பார்த்தேன். நன்கொடையாளர் கல்வெட்டுக்கு முன்னால், இடமும் வலமுமாக, நாற்பத்தைந்து டிகிரி சாய்வில், ஒன்றில் லேசான மஞ்சள் ஜெலட்டின் தாள்கூடச் செருகி, ஓர் எழுத்தில்கூட நிழல் விழாமல் மாட்டியிருந்தார்கள். பிரமாதமான வேலை. வேஷத்தைக் கலைக்காமல் எல்லோரும் அங்கே போய் வரிசையாக நின்றோம். முகங்கள் அருமையாக விழுந்திருக்கின்றன. செயலாளரின் பெயர் மட்டும் என் தலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. பெரியவர் மன்னிக்க வேண்டும்.